விளாதிகெரோவின் ‘வர்தார்’: அதில் நாட்டுப்புற இசை எவ்வளவு, பெர்லின் எவ்வளவு?

வடதிசைச்செவி எழுதிய கேள்வி:

வணக்கம். மேற்கத்திய செவ்வியல் இசையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். முறையாகக் கற்றவன் அல்லன். ஜெர்மானிய, ரஷ்ய, பிரெஞ்சு இசையமைப்பாளர்களைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் செக், ஹங்கேரி, ருமேனியா என்று ஒவ்வொரு நாடாக நகர்ந்து இப்போது பல்கேரியாவில் வந்து நிற்கிறேன். அந்நாட்டு இசையைப் பற்றி எதைப் படித்தாலும் இரண்டாவது வரியிலேயே பான்ச்சோ விளாதிகெரோவ் என்ற பெயர் வந்துவிடுகிறது. ஆகவே அவருடைய இரண்டு படைப்புகளை ஒரு வார காலம் மாறி மாறிக் கேட்டேன். ஒன்று 1918-இல் எழுதப்பட்ட முதல் பியானோ கான்சர்ட்டோ, அதாவது தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. மற்றொன்று 1922-இல் எழுதப்பட்ட ‘வர்தார்’ என்னும் பல்கேரிய ராப்சடி, அதாவது கட்டற்ற வடிவில் அமைந்த இசைப்படைப்பு.

என் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கான்சர்ட்டோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதை எழுதியவர் ரஷ்யர் என்றே சொல்லியிருப்பேன். ரஹ்மானினோவின் சாயல் அதில் அத்தனை அடர்த்தியாக இருக்கிறது. ‘வர்தார்’ அதற்கு நேர்மாறாக, முதல் மெட்டிலிருந்தே ஒரு மண்ணின் குரல் போல ஒலிக்கிறது. நான்கே ஆண்டு இடைவெளியில் ஒரே கையிலிருந்து இவ்விரண்டும் எப்படிப் பிறந்தன? ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக் போல இவரும் ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டினாரா? அல்லது, ஒரு நண்பர் சற்றுக் கடுமையாகச் சொன்னதுபோல, பெர்லினில் தைத்த கோட்டின்மீது பல்கேரியப் பூவேலை செய்தவர் மட்டும்தானா? அவருடைய வாழ்க்கையையும் இசையையும் சேர்த்து விளக்கக் கூடியவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். அடுத்து எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.


கறுப்புக்கட்டை எழுதிய பதில்:

நண்பருக்கு வணக்கம். உங்கள் செவி உங்களை ஏமாற்றவில்லை. அந்தக் கான்சர்ட்டோவில் ரஷ்யச் சாயல் இருப்பதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அவர் பிறப்பிலிருந்து சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளாதிகெரோவ் 1899 மார்ச் 13 அன்று ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் பிறந்தார். உடன் பிறந்த இரட்டையர் லியூபென், பின்னாளில் வயலின் கலைஞரானார். தந்தை ஹரலான் விளாதிகெரோவ் வடகிழக்குப் பல்கேரியாவின் ஷூமென் நகரைச் சேர்ந்த வழக்கறிஞர். தாய் எலிசா பாஸ்தெர்னாக் ரஷ்ய யூதக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர். எழுத்தாளர் போரிஸ் பாஸ்தெர்னாக்கின் உறவினர். பிள்ளைகள் வளர்ந்தது ஷூமெனில். அந்த ஊரைச் சிற்றூர் என்று எண்ணிவிட வேண்டாம். 1848-49 புரட்சி தோற்றபின் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த ஏதிலியர் சில காலம் அங்கே தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவரான மிஹாய் ஷாஃப்ரான் தொடங்கிய இசைக்குழுவையே பல்கேரியாவின் முதல் ஆர்க்கெஸ்ட்ரா என்று வரலாற்றில் எழுதுகின்றனர். அதாவது ஓட்டோமான் ஆட்சி முடிவதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே ஐரோப்பிய வாத்தியங்களின் ஒலி அந்தத் தெருக்களுக்குப் பழகியிருந்தது.

தந்தை 1908-இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்துத் தாய் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு தலைநகர் சோபியாவுக்குச் சென்றார். அங்கே பான்ச்சோவுக்கு இசையமைப்பு கற்பித்தவர் தோப்ரி ஹ்ரிஸ்தோவ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வர்தார்’ பற்றிப் பேசும்போது அவர் திரும்பி வருவார். பிராகில் செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கிடம் பயின்ற ஹ்ரிஸ்தோவ், ஒரு சிறு தேசம் தன் பாடல்களைக் கொண்டே பெரிய இசையை எழுப்ப முடியும் என்ற நம்பிக்கையுடன் ஊர் திரும்பியவர். 1912-இல் தாயின் இடையறாத முயற்சியால் அரசின் உதவித்தொகை கிடைக்கவே, பதின்மூன்று வயதான இரட்டையர் இருவரும் பெர்லின் இசை உயர்கல்விக் கூடத்தில் சேர்ந்தனர். கைம்பெண்ணான ஒரு மருத்துவர் அந்தக் காலத்தில் இதைச் சாதித்தார் என்பதை வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

பெர்லினில் பியானோ கற்பித்தவர் ஹைன்ரிஹ் பார்ட். ஆர்தர் ரூபின்ஸ்டைனும் வில்ஹெல்ம் கெம்ப்ஃபும் அவரிடம் பயின்றவர்களே. இசையமைப்பு கற்பித்தவர் பால் யுவோன். இங்கேதான் உங்கள் புதிர் அவிழ்கிறது. யுவோன் மாஸ்கோவில் பிறந்தவர்; அங்கேயே தனேயெவிடமும் அரென்ஸ்கியிடமும் கற்றவர். அந்த இருவரும் ரஹ்மானினோவின் ஆசிரியர்களும்கூட. எனவே பெர்லினில் அமர்ந்துகொண்டு விளாதிகெரோவ் கற்ற கைவண்ணத்தின் ஒரு பாதி மாஸ்கோவிலிருந்து வந்தது. ரஹ்மானினோவைப் பார்த்து எழுதினார் என்பதைவிட, இருவரும் ஒரே ஊற்றில் நீர் மொண்டவர்கள் என்பதே பொருத்தம். பிறகு அவர் கலை அகாதெமியில் கெர்ன்ஸ்ஹைமிடமும் கெயோர்க் ஷூமானிடமும் பயின்றார்; இந்த ஷூமான் புகழ்பெற்ற ராபர்ட் ஷூமான் அல்லர். பத்தொன்பது வயதில் எழுதிய முதல் பியானோ கான்சர்ட்டோ அவருக்கு 1918-இல் மெண்டல்ஸோன் பரிசைப் பெற்றுத் தந்தது. 1920-இல் அதே பரிசை மீண்டும் வென்றார். 1921-இல் எழுதிய முதல் வயலின் கான்சர்ட்டோவை குஸ்தாவ் ஹாவெமான் வாசிக்க, ஃப்ரிட்ஸ் ரைனர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தினார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞருக்கு இது சிறிய வாய்ப்பன்று.

ஆனால் கான்சர்ட்டோவுக்கும் ‘வர்தார்’ ராப்சடிக்கும் இடையே நடந்த முக்கியமான மாற்றம், என் பார்வையில், கல்விக்கூடத்தில் நிகழவில்லை. நாடக அரங்கில் நிகழ்ந்தது. 1920 தொடங்கி நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்டின் டாய்ச்சஸ் தியேட்டர் என்னும் பெர்லின் அரங்கில் இசை இயக்குநராகவும் இசையமைப்பாளராகவும் அவர் பணிபுரிந்தார். பெர்னார்ட் ஷாவின் நாடகத்துக்கும் ஸ்ட்ரிண்ட்பெர்கின் ‘கனவு நாடக’த்துக்கும் இசை எழுதினார், பின்னதிலிருந்து தொகுத்த பகுதிகளே 1924-இல் ‘ஸ்காண்டிநேவியத் தொகுப்பு’ ஆயின. திரை விலகும் அந்த அரை நிமிடத்துக்குள் பார்வையாளரை ஓர் ஊருக்கு, ஒரு காலத்துக்கு, ஒரு மனநிலைக்கு அழைத்துச் சென்றாக வேண்டும் என்பது நாடக இசையின் கட்டாயம்; கருப்பொருளைப் பத்து நிமிடம் வளர்த்து விரிக்கும் ஆடம்பரம் அங்கே இல்லை. ‘வர்தார்’ முதல் மெட்டிலேயே உங்களைப் பிடித்துக்கொண்டது என்றீர்கள் அல்லவா? அது ரைன்ஹார்டின் அரங்கம் கற்றுக்கொடுத்த பாடம் என்பது என் துணிபு.


தகதகிட எழுதிய பதில்:

கறுப்புக்கட்டை ஐயா எழுதியதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். எனினும் கேள்வியின் மையம் ‘நாட்டுப்புற இசை எவ்வளவு’ என்பது. அதற்கு விடை இன்னும் வரவில்லை. அந்த விடை சற்று வேடிக்கையானது.

வடதிசைச்செவி ‘மண்ணின் குரல்’ என்று குறிப்பிட்ட அந்த அகன்ற தொடக்க மெட்டு நாட்டுப்புறப் பாடலே அன்று. அது தோப்ரி ஹ்ரிஸ்தோவ் இயற்றிய ஒரு தேசப்பற்றுப் பாடலின் மெட்டு. தன் முதல் ஆசிரியர் எழுதியது என்று அறியாமல், அதை ஊரார் பாட்டு என்றே நம்பி விளாதிகெரோவ் எடுத்தாண்டார் என்று சொல்லப்படுகிறது. ஓர் ஆசிரியர்க்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்க முடியுமா என்று தெரியவில்லை: அவர் எழுதிய மெட்டு, எழுதியவர் பெயர் உதிர்ந்து மக்கள் வாயில் கலந்து, பாடலாகவே திரிந்து, இறுதியில் சொந்த மாணவரின் கையில் ராப்சடியாக வந்து விழுகிறது. ‘அசல் நாட்டுப்புறம்’, ‘கற்றவர் செய்தது’ என்று கோடு கிழித்துப் பிரிக்க முற்படுகிற நம் பழக்கத்துக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதுமான மறுப்பு.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். வர்தார் என்பது இன்றைய வட மாசிடோனியாவில் தோன்றி, ஸ்கோப்யே நகரைக் கடந்து, கிரேக்க மண்ணில் தெசலோனிகிக்கு அருகே ஏஜியன் கடலில் கலக்கும் ஆறு. முதல் உலகப் போரில் பல்கேரியா தோற்று, 1919-இல் நொய்யி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின், அந்த ஆற்றின் கரைகள் செர்பியர், குரோவாசியர், ஸ்லோவீனியர் அரசுக்கும் கிரேக்கத்துக்கும் உரியவையாக இருந்தன. 1922-இல் ஒரு பல்கேரியருக்கு அந்தப் பெயர் நிலவியல் குறிப்பு மட்டுமன்று, இழப்பின் பெயரும்கூட. இன்றைய எல்லைகளை வைத்துக்கொண்டு யாருக்கு அந்த ஆறு சொந்தம் என்ற வழக்குக்குள் நான் நுழைய விரும்பவில்லை. இசை அந்தக் காலத்தில் அந்த மக்கள் காதில் எவ்வாறு ஒலித்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பெர்லினில் இருந்துகொண்டு எழுதப்பட்ட படைப்பு என்பதையும் சேர்த்து நினையுங்கள். முதலில் வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதியவர், 1928-இல் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அதை விரித்தார்.

பார்ட்டோக்குடன் ஒப்பிடுவது பற்றி: விளாதிகெரோவ் கள ஆய்வாளர் அல்லர். மெழுகு உருளையில் பாட்டைப் பதிவுசெய்து, வகைப்படுத்தி, அதன் எலும்புக்கூட்டிலிருந்து புதிய மொழி ஒன்றைக் கட்டியவர் பார்ட்டோக். விளாதிகெரோவ் அந்த வழியில் செல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்டவை நடையும் தாளமும்தாம். பல்கேரிய ஆட்டங்களின் தாளங்கள் நம் வாசகர்களுக்கு மற்றவர்களைவிட எளிதாகவே பிடிபடும். ‘பைதுஷ்கோ’ ஐந்து எண்ணிக்கை, இரண்டும் மூன்றும்; ‘தக தகிட’ என்று சொல்லிப் பாருங்கள், நம் கர்நாடக இசையின் கண்ட சாபு தாளம்தான். ‘ரச்செனித்ஸா’ ஏழு எண்ணிக்கை; ஆனால் நம் ஏழெண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் நாம் மூன்றை முதலில் வைக்கிறோம், அவர்கள் இறுதியில் வைக்கிறார்கள்: ‘தக திமி தகிட’. ‘கோபானித்ஸா’ பதினொன்று: ‘தக திமி தகிட தக திமி’. ஆடுபவர்கள் இவற்றை எண்ணுவதில்லை. குட்டை அடி, குட்டை அடி, நெட்டை அடி என்று காலால் உணர்கிறார்கள். இந்தத் தாளங்களின் அமைப்பை 1913-இலேயே எழுத்தில் விளக்கியவர் அதே ஹ்ரிஸ்தோவ்; பார்ட்டோக் ‘பல்கேரியத் தாளம்’ என்று உலகுக்கு எடுத்துரைத்தது அதற்குப் பின்னர்.

1931-இல் எழுதப்பட்ட ‘ஏழு பல்கேரிய சிம்பொனி நடனங்கள்’ தொகுப்பைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். அதில் தாளம் கிராமத்துடையது. அதன்மீது படர்ந்திருக்கும் ஹார்மனியும் வாத்தியச் சேர்க்கையும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் காலத்து ஜெர்மனியுடையவை. உங்கள் நண்பர் சொன்ன உவமையில் எனக்கு ஒப்புதல் இல்லை. பூவேலையைப் பிரித்தெடுத்தாலும் கோட்டு கோட்டாகவே இருக்கும். விளாதிகெரோவிடமிருந்து ஏழெண்ணிக்கைத் தாளத்தைப் பிரித்தெடுத்தால் துணியே கிழிந்துபோகும்.


கறுப்புக்கட்டை எழுதிய பதில்:

தகதகிட அவர்கள் சொன்ன ஹ்ரிஸ்தோவ் செய்தி சரியானது. அதற்காகவே அவர் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். ஒரே ஒரு மறுப்பு. துணியே கிழிந்துபோகும் என்பது நடனங்களுக்குப் பொருந்தும். ஐந்து பியானோ கான்சர்ட்டோக்களுக்கும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 1930-இல் வந்த இரண்டாவதிலும் 1937-இல் வந்த மூன்றாவதிலும் கட்டுமானத்தைத் தாங்குவது பியானோ வாசிப்பின் பேருருவம்; பல்கேரியத் தாளங்கள் பெரும்பாலும் இறுதிப் பகுதியில் வந்து சூடேற்றுகின்றன. அவரே தேர்ந்த பியானோ கலைஞர் என்பதால் விரல்கள் விரும்பும் வழியில் எழுதினார். அது பலமும் ஆயிற்று, சில இடங்களில் பலவீனமும் ஆயிற்று. நீண்ட பகுதிகளில் உச்சத்துக்குமேல் உச்சம் அடுக்கி, கேட்பவருக்கு மூச்சு வாங்க இடம் தராத பழக்கம் அவரிடம் உண்டு.


வடதிசைச்செவி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தாளத்தைச் சொல்லிக்கொண்டே ‘ரச்செனித்ஸா’ ஒன்றைக் கேட்டேன். இதுவரை தடுமாற்றமாகத் தோன்றியது இப்போது நேராக நடக்கிறது. மெட்டு ஹ்ரிஸ்தோவுடையது என்பதைக் கேட்டபோது முதலில் ஏமாற்றமாகவும் பிறகு நிறைவாகவும் இருந்தது.

இன்னொரு கேள்வி. பெர்லினில் இத்தனை வாய்ப்பும், வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் போன்ற பதிப்பகமும் வாய்த்திருந்தவர் 1932-இல் ஏன் சோபியாவுக்குத் திரும்பினார்? திரும்பிய பிறகு அவர் பெயர் மேற்கு ஐரோப்பாவில் மங்கிவிட்டதே, அதற்கு அரசியல்தான் காரணமா?


பழையஇசைத்தட்டு எழுதிய பதில்:

இந்தத் திரியைச் சற்றுத் தாமதமாகப் பார்த்தேன். திரும்பியது பற்றிய கேள்விக்கு விடை எழுதுகிறேன்.

1932-இல் சோபியாவின் அரசு இசை அகாதெமி அவரைப் பியானோ, அறையிசை, இசையமைப்பு ஆகியவற்றுக்கான ஆசிரியராக அமர்த்தியது. அடுத்த ஆண்டு சனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டே ரைன்ஹார்ட் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. யூதத் தாயின் மகனான விளாதிகெரோவ் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிய மறு ஆண்டே, அதாவது 1933-இல், பெத்கோ ஸ்தாய்னோவ், லியுபொமீர் பிப்கோவ், வெசெலின் ஸ்தொயானோவ் முதலியவர்களுடன் சேர்ந்து ‘தற்கால இசை’ என்னும் சங்கத்தை நிறுவினார். இன்றைய பல்கேரிய இசையமைப்பாளர் ஒன்றியத்தின் வேர் அதுதான். அந்தத் தலைமுறை வெளிநாடுகளில் கற்றுத் திரும்பி, பாடகர் குழு இசையும் சிறு பாடல்களுமாக இருந்த நாட்டில் சிம்பொனி, கான்சர்ட்டோ, ஆபெரா என்று பெரிய வடிவங்களை ஊன்ற முனைந்த தலைமுறை. ஒருவர் பெர்லினில் நூற்றில் ஒருவராக இருப்பதற்கும், தன் நாட்டில் முதல்வராக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அந்த முனைப்பின் பெருங்கனி 1936-இல் சோபியாவில் அரங்கேறிய ‘சார் கலோயான்’ (சார் என்றால் பேரரசர்) என்னும் ஆபெரா, அதாவது இசை நாடகம். 1205-இல் அட்ரியானோபிள் (இன்றைய துருக்கியின் எடிர்னே) போரில் கான்ஸ்டான்டினோப்பிளின் லத்தீன் பேரரசர் பால்ட்வினைத் தோற்கடித்துச் சிறைபிடித்த பல்கேரிய அரசர் கலோயான்; சிறையிலிருந்த பால்ட்வின்மீது அரசி காதல் கொண்டாள் என்று தர்னோவோ நகரில் வழங்கும் பழங்கதை அதன் கரு. அவர் எழுதிய ஒரே ஆபெரா அதுதான். மேடை அனுபவம் அத்தனை இருந்தும் அவர் மீண்டும் ஆபெரா பக்கம் செல்லாதது எனக்கு வியப்பே. ‘ஏரியின் கதை’ என்னும் பாலேவை மட்டும் பின்னர் எழுதினார். அது 1962-இல்தான் மேடை ஏறியது.

பெயர் மங்கியதற்கு அரசியல் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. 1944 செப்டம்பருக்குப் பிறகு பல்கேரியா சோவியத் அணியில் சேர்ந்தது. மேற்கத்திய மேடைகளுடன் இருந்த வழக்கமான தொடர்புகள் அறுந்தன. ஆனால் அரசியலை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1930-களிலேயே அவருடைய இசைமொழி ஐரோப்பிய நாகரிகத்துக்குப் பின்தங்கியதாகக் கருதப்பட்டிருக்கும். ஷோன்பெர்க், ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற புதுமை இசையமைப்பாளர்கள் பேசுபொருளாக இருந்த காலத்தில், செழுமையான ரொமாண்டிக் ஹார்மனியில் எழுதிக்கொண்டிருந்தவரை மேற்கு மறப்பதற்கு இரும்புத் திரை தேவைப்பட்டிருக்காது. வேடிக்கை என்னவென்றால், மேற்கு பழையது என்று தள்ளிய அதே மொழி, மெட்டுத் தெளிவையும் மக்கள் சாயலையும் வற்புறுத்திய புதிய ஆட்சிக்குப் பொருந்திப்போயிற்று. அவர் வளைந்துகொடுத்தாரா, அல்லது ஏற்கெனவே நின்ற இடத்துக்கு ஆட்சியின் ரசனை வந்து சேர்ந்ததா என்று கேட்டால், இரண்டாவதையே பெரிதும் சொல்வேன். 1949-இல் ஆட்சி மாற்ற நாளான செப்டம்பர் ஒன்பதின் பெயரால் ‘வீர முன்னிசை’ ஒன்றை எழுதினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அது சந்தர்ப்பத்துக்கான இசை, அவ்வளவே. ஆனால் 1951-இல் அவர் எழுதியது ‘யூதக் கவிதை’ என்னும் ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு. சோவியத் ஒன்றியத்தில் யூதப் பண்பாட்டு அமைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தத் தலைப்பை அந்த நேரத்தில் வைத்தவரைக் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தவர் என்று என்னால் எளிதில் சொல்லிவிட முடியவில்லை. அவருடைய படைப்புகளுள் எனக்கு மிகவும் நெருக்கமானதும் அதுவே. தாயின் குரல் அதில் கேட்கிறது என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், ஆனாலும் எழுதிவிட்டேன்.

அவருடைய மாணவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பியானோ கலைஞர் அலெக்சிஸ் வைசென்பெர்க் சோபியாவில் 1929-இல் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே விளாதிகெரோவிடம் கற்கத் தொடங்கியவர். 1941-இல் தாயுடன் நாட்டைவிட்டுத் தப்ப முயன்று பிடிபட்டு முகாமில் அடைக்கப்பட்டார். அவர் அக்கார்டியனில் ஷூபர்ட் வாசிப்பதைக் கேட்டு மகிழ்ந்த ஜெர்மானிய அதிகாரி ஒருவர், தாயையும் மகனையும் ரயில் ஏற்றி விட்டதால் துருக்கி போய்ச் சேர்ந்தார். 1947-இல் நியூயார்க்கில் லெவென்ட்ரிட் போட்டியில் வென்றார். இன்னொரு முனையில் மில்ச்சோ லெவியெவ். விளாதிகெரோவிடம் இசையமைப்பு கற்றவர், 1970-இல் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் டான் எல்லிஸின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, அந்த ஏழும் பதினொன்றும் ஜாஸ் மேடையில் புரளச் செய்தவர். ஒரே வகுப்பறையிலிருந்து இத்தனை வேறுபட்ட இருவர் வந்தார்கள் என்றால், ஆசிரியர் தன் பாணியைத் திணித்தவர் அல்லர் என்றுதான் கொள்ள வேண்டும்.

1968-இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் ஹெர்டர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1978 செப்டம்பர் 8 அன்று சோபியாவில் காலமானார். அவர் கற்பித்த அகாதெமி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது; சோபியாவில் அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஷூமெனில் 1986 முதல் அவர் பெயரில் பியானோ, வயலின் கலைஞர்களுக்கான பன்னாட்டுப் போட்டி நடைபெறுகிறது. பியானோவும் வயலினும் சேர்ந்தே அமைந்தது இரட்டையரை நினைத்துத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.


கறுப்புக்கட்டை எழுதிய பதில்:

பழையஇசைத்தட்டு ஐயா, ‘யூதக் கவிதை’யைப் பற்றி நீங்கள் எழுதியதை மிகை என்று சொல்ல மாட்டேன். அடுத்து எதைக் கேட்கலாம் என்று வடதிசைச்செவி முதலிலேயே கேட்டிருந்தார். அதற்கு என் விடை இது.

சிறியவற்றிலிருந்து தொடங்குங்கள். 1934-இல் பியானோவுக்கு எழுதிய ‘ஷூமென் சிற்றோவியங்கள்’ ஆறு குறும்பகுதிகள் கொண்டது. மாணவனாக இருந்தபோது அதில் ஒன்றை வாசித்திருக்கிறேன். பார்வைக்கு எளிதாக இருக்கும், உள்ளே நுழைந்தால் இடக்கை தாளத்தைப் பிடித்திருக்க வலக்கை வேறு எங்கோ மிதந்துகொண்டிருக்கும். கான்சர்ட்டோக்களில் காணும் பேருருவம் இதில் அறவே கிடையாது. பிள்ளைப் பருவத்து ஊரைத் தொலைவிலிருந்து பார்ப்பவரின் அடக்கமான குரல்தான் உண்டு. அடுத்து 1927-இல் எழுதிய ‘பல்கேரியத் தொகுப்பு’, பிறகு தகதகிட சொன்ன ஏழு நடனங்கள். இவற்றுக்குப் பின் மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவுக்குச் செல்லுங்கள். ஐந்திலும் அதுவே மிகச் சிறந்தது என்பது என் கருத்து. நான்காவது, ஐந்தாவது ஆகியவற்றை அவசரமின்றிப் பிறகு கேட்கலாம்.

பதிவுகளைப் பொறுத்தவரை, 1970-களில் பல்கேரியாவின் பால்கன்டோன் நிறுவனம் அவருடைய ஆர்க்கெஸ்ட்ராப் படைப்புகளைப் பெருமளவில் இசைத்தட்டுகளாக வெளியிட்டது. பல்கேரியத் தேசிய வானொலியின் சிம்பொனி இசைக்குழுவை நடத்தியவர் விளாதிகெரோவின் மகன் அலெக்சாந்தர். கான்சர்ட்டோக்களில் தியோதோர் மூசெவ், க்ராசிமிர் காதெவ், இவான் த்ரெனிகோவ் முதலியோர் பியானோ வாசித்தனர். அந்தப் பதிவுகளை அண்மை ஆண்டுகளில் காப்ரிச்சியோ நிறுவனம் குறுந்தகடுகளாக மீண்டும் வெளியிட்டுள்ளது. ஒலித்தரத்தில் அக்காலத்துக் கரகரப்பு சற்று உண்டு. ஆனால் ‘தக திமி தகிட’ எங்கே சாய வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்பதை அந்த வாத்தியக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.


தகதகிட எழுதிய பதில்:

மூன்றாவதுதான் மிகச் சிறந்தது என்பதில் மட்டும் நான் உடன்படவில்லை. இரண்டாவதன் இறுதிப் பகுதியைக் கேட்டுவிட்டு வடதிசைச்செவியே தீர்ப்புச் சொல்லட்டும். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ‘வர்தார்’ ராப்சடியை ஆர்க்கெஸ்ட்ரா வடிவில் மட்டும் கேட்டிருந்தால், 1922-இன் வயலின், பியானோ வடிவத்தையும் ஒருமுறை கேளுங்கள். பித்தளை வாத்தியங்களின் முழக்கம் இல்லாதபோது, அந்த மெட்டு அணிவகுப்பாக இல்லாமல் ஒருவர் தனியே பாடும் பாட்டாக ஒலிக்கிறது; ஹ்ரிஸ்தோவின் பாடல் எப்படி ஊரார் பாடலாக மாறியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.


வடதிசைச்செவி எழுதியது:

வயலின் வடிவத்தை நேற்று இரவு கேட்டேன். தொடக்க மெட்டில் நீங்கள் சொன்ன தனிமை தெளிவாகத் தெரிகிறது. நடனப் பகுதி முடிந்து அதே மெட்டு திரும்பி வரும் இடத்தில் பியானோ கலைஞர் இரண்டு கைகளாலும் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவைச் சுமக்க வேண்டியிருப்பதும் தெரிகிறது. இரண்டாவது கான்சர்ட்டோவுக்கும் மூன்றாவதற்கும் இடையே தீர்ப்புச் சொல்ல ஒரு மாத அவகாசம் வேண்டும். அதற்கு முன் ‘யூதக் கவிதை’யைக் கேட்கப் போகிறேன்.